நிலக்காட்சிப் படங்களில் நிறம் எங்கே தவறுகிறது?

நேரில் மலைத்து நிற்க வைத்த காட்சி படத்தில் சப்பென்று இருந்தால், பலரும் முதலில் கைவைப்பது சாச்சுரேஷனில், அதாவது நிறச்செறிவில்தான். அதைக் கூட்டக் கூட்டப் படம் பளிச்சென்று ஆகும், ஆனால் நன்றாக ஆகாது. நிறம் என்பது எடுத்து முடித்தபின் பூசுகிற பூச்சு அல்ல. பாறையையும் மரத்தையும் போல அதுவும் சட்டகத்துக்குள் இடம்பிடிக்கிறது. அதை எங்கே வைப்பது என்று படம் எடுக்கும்போதே முடிவு செய்யாததுதான் தவறுகளில் பெரியது.

மூடுபனி படர்ந்த பச்சைப் பள்ளத்தாக்கு, நடுவே வளைந்து செல்லும் ஓடை, வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு சிவந்த புதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் புதரைக் கவனித்திருக்கவே மாட்டார். பார்ப்பவரின் கண்ணோ ஓடையை விட்டுவிட்டு அங்கேதான் போய் நிற்கும். சிவப்பும் ஆரஞ்சும் கையகலம் இருந்தாலே கண்ணை இழுத்துவிடும். நீலமும் பச்சையும் பரந்து கிடந்தாலும் அடங்கியே இருக்கும். ஆகவே ஷட்டரை அழுத்தும் முன் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். புதரை முழுதாக உள்ளே கொண்டுவந்து ஓடையோடு உறவுபடுத்துங்கள், இல்லையேல் முழுதாக வெளியே தள்ளுங்கள். இலைகளின் இடுக்கில் தெரியும் வெளுத்த வானத் துண்டுகளும் இதே தொல்லையைத் தருபவை.

அகன்ற காட்சி என்றால் பரந்த கோணத்தில் பார்க்கும் வைட் ஆங்கிள் லென்ஸ்தான் என்று நினைப்பதும் தவறு. 16 மி.மீ. லென்ஸில் தொலைவிலுள்ள மலை சிறு மேடாகச் சுருங்கிவிடும். அருகில் வலுவான முன்புலம் இல்லாவிட்டால் படத்தின் பாதி வெற்றுத் தரை. மலைதான் உங்களை நிறுத்தியது என்றால் தொலைவை அருகே இழுக்கும் 100 அல்லது 200 மி.மீ. லென்ஸை மாட்டி அதை மட்டும் எடுங்கள். சட்டகம் குறுகும்போது நிறங்களும் குறையும். இரண்டு மூன்று நிறங்களே உள்ள படம் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும்.

சட்டகத்தை மூன்றாகப் பிரித்து, தொடுவானத்தையும் முக்கியப் பொருளையும் அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியை வேதமாகக் கொள்ள வேண்டாம். 1797இல் ஆங்கில ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது பெயர் சூட்டிய வழிகாட்டுதல் அது. அசையாத நீரில் மலை தலைகீழாகத் தெரியும்போது தொடுவானம் நடுவில் இருப்பதே அழகு. வானம் வெறிச்சென்று இருந்தால் மூன்றில் ஒரு பங்குகூட அதற்கு அதிகம். மெல்லிய கீற்றாக விட்டால் போதும். தொடுவானம் சாய்வதை மட்டும் எக்காரணம் கொண்டும் பொறுக்காதீர்கள்.

லென்ஸின் முன் மாட்டிச் சுழற்றி, பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அதை வானத்தை நீலமாக்கும் கருவியாக மட்டுமே பார்க்கிறார்கள். சூரியனுக்கு 90 பாகை விலகிய திசையில்தான் வானம் அதிகம் கருக்கும். ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் 16 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் 90 பாகைக்கும் மேல் பார்ப்பதால், வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலத் திட்டாகிவிடும். போலரைசரின் உண்மையான பெருமை மழை நின்ற காட்டில் தெரியும். நனைந்த பாறையும் இலையும் வானத்தின் வெண்மையைப் பிரதிபலித்து வெளிறிக் கிடக்கும். ஃபில்டரை மெல்லத் திருப்பினால் அந்த வெண்படலம் விலகி, பாறையின் பழுப்பும் பாசியின் பச்சையும் தாமாக மேலெழும். எந்த மென்பொருளாலும் இதை முழுதாகச் செய்ய முடியாது.

மாலை ஒளியில், ஒளியின் நிறச்சாய்வைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், நீங்கள் தேடி வந்த பொன்னிறத்தையே குறையென்று கருதிக் கேமரா திருத்தக்கூடும். பகலொளிக்குரிய 5500 கெல்வினை ஒட்டி வைத்துவிடுங்கள். சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் பிறகும் மாற்றலாம். சூரியன் மறையும் வேளையில் ஹிஸ்டோகிராமின், அதாவது இருளிலிருந்து வெளிச்சம் வரை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடத்தின், சிவப்புப் பகுதியைத் தனியே பாருங்கள். மொத்த வரைபடம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கக்கூடும். அப்படி முட்டினால் மேகத்தின் மடிப்புகள் எல்லாம் ஒரே ஆரஞ்சுப் பரப்பாகிவிடும்.

இனி படத்தைக் கணினியில் திருத்தும் மேசைக்கு வருவோம். எல்லா நிறங்களையும் ஒருசேரத் தூக்குவது சாச்சுரேஷன். மங்கியவற்றை மட்டும் அதிகம் தூக்குவது வைப்ரன்ஸ். இரண்டையும்விட, உறுத்தும் நிறத்தை இறக்குவதே பெரும்பாலும் பலன் தரும். புல்லின் பச்சை மஞ்சளோடிப் பிளாஸ்டிக் போலத் தெரிந்தால், அந்தப் பச்சையின் செறிவையும் வெளிச்சத்தையும் மட்டும் சற்றுக் குறையுங்கள். அருகிலிருக்கும் சிறு மஞ்சள் பூக்கள் அப்போது கண்ணில் படும். திருத்தி முடித்ததும் உடனே வெளியிட வேண்டாம். நெடுநேரம் பார்த்த கண் மிகையான நிறத்துக்குப் பழகியிருக்கும். மறுநாள் திறந்து பார்த்தால், ஏற்றிய அளவில் பாதியை நீங்களே இறக்குவீர்கள்.