வலைப்பக்கத்தை ஒரே கோப்பாக்கி அனுப்புவது எப்படி

குரோமில் ‘முழுப் பக்கம்’ என்று சேமித்தால் ஒரு எச்டிஎம்எல் கோப்பும் கூடவே ஒரு ஃபோல்டரும் வரும். கோப்பை மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பினால் படங்கள் வராது, வடிவமும் குலைந்திருக்கும். படம், நடைத்தாள் (பக்கத்தின் வடிவத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்), எழுத்துரு எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள் போக வேண்டும்.

இதற்குச் சுலபமான கருவி சிங்கிள்ஃபைல் என்ற பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்). குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் உண்டு. கமாண்ட் லைன் பழகியவர்களுக்கு, இதே வேலையைச் செய்யும் மோனோலித் கருவி. பக்கத்தை அடிவரை ஒருமுறை உருட்டிவிட்டுச் சேமியுங்கள். உருட்டும்போதுதான் சில படங்கள் இறங்கும். ‘மேலும் படிக்க’ பொத்தான்களையும் முன்பே திறந்துவிடுங்கள். சேமிக்கும்போது ஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் நிரல்) நீக்கப்பட்டால் பிறகு அவை வேலை செய்யாது. ஸ்கிரிப்டை வைத்திருக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், கோப்பு வெளியே தொடர்புகொள்ளும் வம்பு அங்கேதான்.

படங்கள் கோப்புக்குள் போக பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறும்போது 3 எம்பி 4 எம்பி ஆகும். அதனால் பெரிய படங்களை முதலில் சுருக்குங்கள். எழுத்துருவில் தமிழுக்கு வேண்டியதை மட்டும் வெட்டி எடுக்கிறீர்களா? யூனிகோடில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை எடுத்தால் மட்டும் போதாது, எழுத்துக்களைச் சேர்க்க எழுத்துருவுக்குள் இருக்கும் ஜிசப் (GSUB) விதிகளும் வேண்டும். இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பும் காலும் சரியாக இருக்க, ‘கு’, ‘மு’ உடைந்து நிற்கும். எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று பிரவுசருக்குச் சொல்லும் அறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்கட்டும்.

ஏரோப்ளேன் மோடில் திறந்து பார்ப்பது பாதிச் சோதனைதான். எது விடுபட்டது என்று அதில் தெரியும். கோப்பு வெளியே யாரைக் கூப்பிடுகிறது என்று தெரியாது. ஆகவே இணையத்தை இயக்கிவிட்டு, எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். கோப்பையும், ‘data:’ என்று தொடங்கும் டேட்டா முகவரிகளையும் (உள்ளேயே பொதிந்தவை) தவிர வேறெந்த முகவரி தெரிந்தாலும் அதை நீக்குங்கள். பக்கம் எங்கிருந்து எதை ஏற்றலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை (CSP) மெட்டா குறியைக் கோப்பின் ஹெட் பகுதியில் இட்டு, பொது விதியான டீஃபால்ட்-சோர்ஸை (default-src) முழுக்க மூடி, படத்துக்கும் எழுத்துருவுக்கும் டேட்டாவை மட்டும், நடைத்தாளுக்குக் கோப்புக்குள்ளேயே எழுதியதை மட்டும் அனுமதியுங்கள். பலர் தவறவிடுவது: டீஃபால்ட்-சோர்ஸ் படிவம் அனுப்புவதைத் தடுக்காது. ஃபார்ம்-ஆக்‌ஷன் (form-action) விதியைத் தனியாக மூட வேண்டும்.

கடைசியாகக் கோப்பை நோட்பேடில் திறந்து உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் தேடுங்கள். உள்நுழைந்த நிலையில் சேமித்தால் இரண்டும் உள்ளே இருக்கக்கூடும். சிங்கிள்ஃபைல் கோப்பின் தொடக்கத்தில் எழுதும் மூல முகவரியில் டோக்கன் (உங்கள் உள்நுழைவை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு) ஒட்டியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள்.