இரண்டு ஞாயிறு, இருபது டயர்: தெருப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல்

எங்கள் தெருக்கோடியில் 40க்கு 30 அடியில் ஒரு காலி இடம், சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து அதைப் பிள்ளைகள் விளையாடும் இடமாக மாற்றினோம். நீங்களும் செய்யலாம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: டயர் சும்மா கிடைக்கும், காசும் வியர்வையும் போவது தரைக்குத்தான்.

1. இடம்

அது யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஊராட்சி இடம் என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். கிராம சபையில் மனு கொடுத்துத் தீர்மானம் போடச் சொல்வது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது.

2. அளந்து கோடு போடுவது

பிள்ளைகளைக் கேட்டால் முதலில் ஊஞ்சல்தான் கேட்பார்கள். இடத்தை விழுங்குவதும் அதுதான். சங்கிலி மாட்டும் கொக்கி எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு முன்னால், இரண்டு மடங்கு பின்னால் காலியாக விட வேண்டும். பக்கவாட்டில் ஊஞ்சல் காலுக்கு அப்பால் 6 அடி.

நாங்கள் 8 அடி உயரம் என்று ஆரம்பித்தோம். கோலமாவால் கோடு போட்டுப் பார்த்தால் 32 அடி போய்விட்டது! உயரத்தை 6 அடியாகக் குறைத்த பிறகு 24 அடியில் முடிந்தது. மீதி இடம் டயர் வரிசைக்கு. காகிதத்தில் இது புரியாது. தரையில் கோடு போட்டு நடந்து பாருங்கள்.

3. டயர் பொறுக்குவது

பஞ்சர் கடை, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் கடைகளில் கேளுங்கள். ரேடியல் டயரில் உள்ளே கம்பி வலை இருக்கும். தேய்ந்த இடத்தில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பழைய துணியால் உள்ளும் புறமும் தேய்த்துப் பாருங்கள், துணி மாட்டினால் அந்த டயர் வேண்டாம். நைலான் டயர் கிடைத்தால் விடாதீர்கள்.

சோப்புத் தண்ணீரில் கழுவும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். நனைவார்கள், ஆனால் வேலை நடக்கும்.

தொங்கும் டயருக்கும் படுக்க வைக்கும் டயருக்கும் அடிப்பக்கம் நாலைந்து ஓட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். ரப்பரில் டிரில் பிட் சிக்கிக்கொள்ளும். அடிக்கடி சோப்புத் தண்ணீரில் நனைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

4. முதல் ஞாயிறு: குழியும் கான்கிரீட்டும்

காலை ஆறரைக்கே தொடங்குங்கள், பதினொரு மணி வெயிலில் யாரும் நிற்க மாட்டார்கள். கருவேல வேரை முழுசாகத் தோண்டி எடுங்கள். ஒரு முள் மிச்சமிருந்தாலும் ஒரு குழந்தையின் கால் அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஊஞ்சல் பகுதியை ஒரு அடி ஆழம் வெட்டி எடுத்த பிறகுதான் கால்களுக்குக் குழி: இரண்டரை அடி ஆழம், 1:2:4 கலவை (சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு). கான்கிரீட்டின் தலை, பின்னால் கொட்டப்போகும் மணலின் மேல்மட்டத்துக்கு ஒரு அடி கீழே இருக்க வேண்டும். நாங்கள் ஒரு குழியில் இதை மறந்து, மறுநாள் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து உடைத்தோம். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி வாருங்கள். அதுவரை ஊஞ்சல் மாட்டச் சொல்லி வரும் கெஞ்சலுக்கு இறங்காதீர்கள்.

பைப் வெல்டிங்கை மட்டும் காசு கொடுத்துப் பட்டறையில் செய்துவிடுங்கள். இதில் ஆர்வக்கோளாறு ஆகாது.

5. இரண்டாவது ஞாயிறு

லாரி டயர்களை வரிசையாக நிற்க வைத்து, பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புதையுங்கள். மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டு நன்றாகக் கெட்டிப்படுத்துங்கள். ஒரு பெரியவர் ஏறி ஆட்டிப் பார்த்து அசையாமல் இருக்க வேண்டும். இரண்டு டயருக்கு நடுவே மூன்றரை அங்குலத்துக்கு மேல், 9 அங்குலத்துக்குள் சந்து விடாதீர்கள். குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும்.

போல்ட்டின் மரை நட்டுக்கு வெளியே இரண்டு சுற்றுக்கு மேல் நீட்டினால் அறுத்துவிடுங்கள். துப்பட்டா அதில்தான் சிக்கும். பெயிண்ட் வெளிர் நிறமாக இருக்கட்டும், கறுப்பு ரப்பர் மதியத்தில் சுடும்.

6. மணல்

பிள்ளைகள் விழுந்தால் தாங்க ஊஞ்சல் பகுதிக்கு 24 அடி நீளம், 20 அடி அகலம், ஒரு அடி ஆழம்: 480 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 5 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). டயர் வரிசையைச் சுற்றி முக்கால் அடி ஆழம் வேண்டும், அது தனிக் கணக்கு. கிரஷர் தூள் கலந்ததை வாங்காதீர்கள், ஒரு மழைக்குப் பிறகு தரை மாதிரி இறுகிவிடும். கழுவிய மணலாகக் கேளுங்கள். வசூலான பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போனது. ‘மண்ணுக்கா இவ்வளவு?’ என்று கேட்பார்கள். இரண்டு பாண்டு மணலைக் கொட்டி, கேட்டவரையே குதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

7. அப்புறம்

மாதம் ஒருமுறை நட்டுகளை இறுக்கி, கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஊஞ்சலுக்குக் கீழே பள்ளமான மணலைக் கிளறிச் சமப்படுத்த வேண்டும். எங்கள் ஸ்பேனர் தெருமுனை இஸ்திரிக் கடை அண்ணனிடம் இருக்கிறது. தேதி தள்ளிப்போனால் அந்த வழியாகப் போகிறவர்களை நிறுத்தி, ‘இந்த மாசம் யாரும் வரலையே?’ என்று ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிடுவார்.