துப்பாக்கி வெடிப்பதற்குள் உட்காருங்கள்

பழைய படம் போடும்போது நாம் செய்கிற பெரிய தவறு, தொடக்கக் காட்சியை ஆட்கள் வந்து உட்காருவதற்கான நேரமாக எடுத்துக்கொள்வது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு படம் போடுகிறோம். முதலில் போட்டது ‘அந்த நாள்’ (1954). பாய் விரித்து, சுண்டல் கைமாறி, “கொஞ்சம் தள்ளி உட்காருங்க” என்று பேச்சு அடங்குவதற்குள் துப்பாக்கி வெடித்து, சிவாஜி சரிந்துவிட்டார். பாட்டே இல்லாத அந்தப் படத்தில் எஸ். பாலசந்தர் கதாநாயகனை எடுத்த எடுப்பிலேயே சாகடித்துவிடுகிறார். சுட்டது யார் என்ற விசாரணைதான் மீதிக் கதை. அதைத் தவறவிட்டவர்கள், செத்துப்போனவன் யார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். போதாக்குறைக்கு, நன்றாக இருட்டும் முன்பே ஆரம்பித்துவிட்டோம். கறுப்பு வெள்ளைப் படத்தின் நிழலெல்லாம் சுவரில் வெளுத்துத் தெரிந்தது. ஏழரைக்கு முன் இப்போது நாங்கள் தொடங்குவதே இல்லை.

அடுத்தது சத்தம். செர்ஜியோ லியோனியின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்’ (1968) பாருங்கள். ரயில் நிலையத்தில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். காற்றாடி கிறீச்சிடுகிறது. ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது. இன்னொருவன் முகத்தில் ஈ. பின்னணி இசை கிடையாது. “ஒன்றுமே நடக்கலையே” என்று ஓட்டிவிட்டால், ரயில் வந்து போன பிறகு கேட்கும் அந்த ஹார்மோனிகா வெறும் வாத்தியமாகத்தான் கேட்கும். வயிற்றைப் பிசையாது.

எந்தப் பிரதி என்று பார்க்காமல் போடுவதும் தவறுதான். ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) காரில் வெடிகுண்டு வைப்பதில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் ஓடும். முதலில் வெளியான பிரதியில் அதன் மேலேயே பெயர்கள் வரும். 1998இல் வந்த திருத்திய பிரதியில் பெயர்களை எடுத்துவிட்டார்கள். கண் அந்தக் காரை விட்டு நகராது. அதைத் தேடிப் போடுங்கள்.

அப்புறம், சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுக்காதீர்கள். முகமெல்லாம் உப்பிவிடும்.

‘பராசக்தி’யை (1952) வசனத்துக்காகப் போடுகிறவர்கள் தொடக்கப் பாட்டைத் தாண்டிவிடுகிறார்கள். அது பாரதிதாசன் எழுதியது, நம் ஊர்க்காரர். எங்கள் மாடியில் அதை முழுதாகத்தான் ஓட்டுவோம்.