இரண்டாவது கியரில் கரகர: ஆயிலில்தான் விஷயம்

பழைய டூ-சீட்டர் ஸ்போர்ட்ஸ் கார். காலையில் இரண்டாவது கியர் போட்டால் 'கர்ர்' என்று கடிக்கும். நாகர்கோவிலில் கிளம்பித் தக்கலை தாண்டுவதற்குள் சரியாகிவிடும். கிளட்ச் ஆயில் மாற்றி, காற்றெடுத்து, பெடலையும் சரிசெய்தார் மெக்கானிக். பலனில்லை.

கிளட்சில் குறை இருந்தால் நிற்கும்போது ரிவர்ஸும் கடிக்க வேண்டும். அது வெண்ணெயாக விழுந்தது. கிளட்சை இரண்டு தடவை மிதித்துக் கியர் மாற்றினாலும் சத்தமில்லை. அப்போ கியர்களின் வேகத்தை ஒன்றாக்கிக் கடிக்காமல் சேர்க்கும் பித்தளை வளையம், சிங்க்ரோ ரிங்தான்.

கியர்பாக்ஸில் முன்பு ஊற்றிய ஆயில் டப்பாவைத் தேடிப் பார்த்தேன். முன்னால் பெரிதாக 80W-90, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை. பின்னால் பொடி எழுத்தில் GL-5, அதாவது ஆயிலின் தர வகை. கையேடு கேட்டது 75W-90, GL-4. GL-5 பெரும்பாலும் டிஃபரன்ஷியலுக்கானது (அச்சில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி). அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை ரிங்கின் பிடிப்பைக் குறைக்கலாம். சில ஆயில்கள் பித்தளையையே அரிக்கும். வடிந்த ஆயிலை வெயிலில் பார்த்தால் பொன் தூளாக மினுங்கியது.

மார்த்தாண்டம் கடைகளில் 'கியர் ஆயில்' என்று கேட்டால் GL-5 டப்பாவையே நீட்டுகிறார்கள். GL-4ஐ ஆர்டர் போட்டுத்தான் வாங்கினேன்.

வடிக்கும் முன் மேலே ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகியிருந்தால் ஆயில் இல்லாத கியர்பாக்ஸோடு நிற்க வேண்டியதுதான். சமதரையில் வண்டியை நிறுத்தி, அந்த ஓட்டையில் ஆயில் வழியும்வரை ஊற்றினேன். மறுநாள் காலையிலேயே சத்தம் பாதிக்குமேல் குறைந்தது, சில வாரத்தில் அறவே நின்றது. அப்பாடா!