வேலிக்கு வெளியே கிடக்கும் கவுன்சில் நிலம்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் மூலை வீடு வாங்கிய பலருக்கு இந்த ஆசை இருக்கும். பக்கவாட்டு வேலிக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு புல்துண்டு சும்மா கிடக்கிறது, அதை வாங்கித் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டால் என்ன? தாராளமாகக் கேட்கலாம். இப்படிப்பட்ட துண்டுகளைப் பல கவுன்சில்கள் (உள்ளாட்சி அமைப்புகள்) பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்கின்றன. நம்மவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் அவசரத்தால்தான்.

முதலில் வேலியை நகர்த்திவிட்டுப் பிறகு கேட்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. "பன்னிரண்டு வருஷம் வேலி போட்டு வைத்திருந்தால் நமக்கே சொந்தம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2003 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நிலப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு, பதிவான நிலத்தை 10 ஆண்டுகள் அனுபவித்தவர் அதைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கத்தான் முடியும். விண்ணப்பித்ததும் லேண்ட் ரெஜிஸ்ட்ரி (நில உரிமைகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகம்) கவுன்சிலுக்கு அறிவிப்பு அனுப்பும். கவுன்சில் எதிர்த்தால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். அந்தத் துண்டு சாலையின் பகுதி என்றால், எத்தனை வருடம் அடைத்து வைத்தாலும் பொதுமக்களின் வழியுரிமை போகாது.

புல் வெட்டுவது கவுன்சில் என்பதால் நிலமும் அதற்கே சொந்தம் என்று முடிவு செய்யாதீர்கள். வீடுகளைக் கட்டிய நிறுவனத்தின் பெயரிலேயே இன்னும் இருக்கலாம். சில பவுண்டு கட்டினால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவு நகலும் வரைபடமும் கிடைக்கும். சாலை நிலமாக இருந்தால் பொதுமக்களின் வழியுரிமையை முறைப்படி நீக்க வேண்டும். அது தனி வேலை, தனிச் செலவு.

"யாருக்கும் உதவாத நிலம்தானே, சும்மா கொடுங்கள்" என்ற பேச்சு எடுபடாது. 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், 123ஆம் பிரிவின்படி, நியாயமாகக் கிடைக்கக்கூடிய சிறந்த விலைக்கே கவுன்சில் பொதுவாக விற்க வேண்டும். அதனால் இந்தத் துண்டு சேர்ந்தால் உங்கள் வீட்டின் மதிப்பு எவ்வளவு கூடும் என்றே மதிப்பீட்டாளர் பார்ப்பார். கவுன்சில் தரப்பு வக்கீல் செலவும் மதிப்பீட்டுச் செலவும் வழக்கமாக உங்கள் தலையில்தான் விழும். விற்க மறுத்தாலும் விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. பொதுத் திறந்தவெளி என்றால் கவுன்சில் உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து இரண்டு வாரம் விளம்பரம் செய்து, ஆட்சேபங்களையும் கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தார் அதைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். அவர்கள் பிள்ளைகள் பந்து விளையாடும் இடமாக இருக்கலாம், நீங்களே முன்னதாகப் போய்ப் பேசுங்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நிலத்தை வாங்குவது வேறு, அதைப் பயன்படுத்த அனுமதி வாங்குவது வேறு. பொதுப் புல்வெளியைத் தோட்டமாக்குவதே பயன்பாட்டு மாற்றம். அதற்குப் பொதுவாக பிளானிங் பெர்மிஷன் (திட்ட அனுமதி) வேண்டும். அது மறுக்கப்பட்டால், பல ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்கிய புல்லைச் சுற்றி வேலிகூடப் போட முடியாமல் நிற்பீர்கள். ஆகவே, பெர்மிஷன் கிடைத்தால் மட்டுமே விற்பனை நிறைவேறும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி உங்கள் சொலிசிட்டரிடம் (உங்கள் தரப்பு வக்கீலிடம்) வற்புறுத்துங்கள். பத்திரத்தில் "தோட்டமாக மட்டும், கட்டடம் கூடாது" என்ற நிபந்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன் கட்ட நினைத்தால், அந்த நிபந்தனையைத் தளர்த்த கவுன்சில் மறுபடியும் பணம் கேட்கும்.

கையெழுத்துக்கு முன் ஒருமுறை அந்தத் துண்டின் மேல் நடந்து பாருங்கள். மேன்ஹோல் மூடியோ பச்சை நிறத் தொலைபேசிப் பெட்டியோ இருந்தால், கீழே குழாயோ கேபிளோ போகிறது என்று பொருள். பொதுக் கழிவுநீர்க் குழாய்க்கு 3 மீட்டருக்குள் கட்ட, தண்ணீர் நிறுவனத்தின் சம்மதமும் தேவைப்படும்.

வாங்கிய துண்டு பெரும்பாலும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் தனிப் பதிவு எண்ணில் பதிவாகும், வீட்டின் பத்திரத்தில் தானாகச் சேராது. மோர்ட்கேஜ் கொடுத்தவருக்கு அதைத் தெரிவியுங்கள். வீட்டை விற்கும்போது இரண்டு எண்களையும் சொலிசிட்டரிடம் கொடுங்கள். மறந்தால் வீடு புதியவர் பெயருக்குப் போய்விடும், பக்கத்துத் துண்டு உங்கள் பெயரிலேயே நிற்கும்.