டோக்கெலாவ் போவது எப்படி: முதலில் ஊர்ப் பெரியவர்கள், பிறகு கப்பல், கடைசியில்தான் விமானம்

சமோவாவுக்கு வடக்கே ஏறக்குறைய 500 கி.மீ. தள்ளி, பசிபிக் கடலில் அட்டாஃபு, நுகுனோனு, ஃபகாஓஃபோ என்று மூன்று பவளத்தீவுகள். இவை சேர்ந்ததுதான் டோக்கெலாவ். மூன்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 12 சதுர கி.மீ.யைத் தாண்டாது, மக்கள் சுமார் 1,500 பேர். நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதி, புழங்கும் பணமும் நியூசிலாந்து டாலர்தான். விமான நிலையம் இல்லை, கப்பல் அணையும் துறைமுகமும் இல்லை. சமோவாவின் தலைநகர் ஆப்பியாவிலிருந்து கிளம்பும் கப்பல் ஒன்றே வழி. அதனால் வழக்கமாகப் பயணத்துக்குச் செய்வதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

முதல் வேலை, எந்தத் தீவு என்று முடிவு செய்வது. நுகுனோனு கத்தோலிக்க ஊர், அட்டாஃபு புராட்டஸ்டன்ட் ஊர், ஃபகாஓஃபோவில் இரு சபையாரும் உண்டு. இதை முதலிலேயே முடிவு செய்யக் காரணம், நீங்கள் இறங்கலாமா என்பதைச் சொல்வது அந்தந்தத் தீவின் தௌபுலேகா, அதாவது ஊர்ப் பெரியவர்கள் சபை. ஆப்பியாவிலுள்ள டோக்கெலாவ் அலுவலகத்துக்கு எழுதினால், அவர்கள் சபையிடம் கேட்டு அனுமதி வாங்கித் தருவார்கள். எங்கே தங்கப் போகிறீர்கள், எந்தக் கப்பலில் திரும்புவீர்கள் என்ற இரண்டையும் அந்தக் கடிதத்திலேயே தெளிவாக எழுதுங்கள். இவை இல்லாத கடிதம் வீண் கடிதப் போக்குவரத்தில்தான் முடியும். நியூசிலாந்து விசா கையில் இருக்கிறது என்பதற்காக மட்டும் இங்கே இறங்கிவிட முடியாது.

ஆட்சி அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. இங்கே அதிகாரம் ஊரிலிருந்து மேலே போகிறது. ஒவ்வொரு தீவும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஃபாய்ப்புலேயையும் ஒரு புலேநுகுவையும் தேர்ந்தெடுக்கிறது. முன்னவர் வெளியே தீவின் குரல், பின்னவர் ஊர்த் தலைவர். இந்த ஆறு பேரும்தான் அமைச்சரவை. ஆட்சித் தலைவரான 'ஊலு' பதவி மூன்று ஃபாய்ப்புலேக்களுக்குள் ஆண்டுதோறும் சுற்றி வரும். தலைநகர் என்று நிரந்தரமாக ஓர் ஊர் கிடையாது. நியூசிலாந்து நியமிக்கும் நிர்வாகி ஒருவர் உண்டு, ஆனால் அவர் இருப்பது வெலிங்டனில். சுயாட்சிக்கு மாறலாமா என்று 2006-லும் 2007-லும் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது விதி. இரண்டாம் முறை 16 வாக்கில் தவறியது. இன்னமும் மனம் ஆறாத விஷயம் இது, விருந்தாளி தானாகக் கிளறாமல் இருப்பது மேல்.

அனுமதி வந்தபின் கப்பலில் இடம். ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒன்று கிளம்பும், ஆனால் அட்டவணையை நம்பி நாள் குறிக்காதீர்கள். தீவிலிருந்து அவசர நோயாளியை ஆப்பியாவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தாலோ, கடல் கொந்தளித்தாலோ தேதி மாறும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், அப்போது இன்னும் மோசம். உறுதியான தேதி கையில் வந்த பிறகுதான் ஆக்லாந்து அல்லது ஃபிஜி வழியாக ஆப்பியாவுக்கு விமான டிக்கெட் எடுங்கள். திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது நான்கு நாளாவது இடைவெளி விடுங்கள். ஒரு நாள் போதும் என்று கணக்குப் போடுபவர்கள்தான் ஆப்பியாவில் டிக்கெட் மாற்ற அலைவார்கள்.

கடற்பயணம் ஒரு நாளுக்கு மேல். தெற்கே இருக்கும் ஃபகாஓஃபோ கிட்ட, அட்டாஃபு எட்ட. குமட்டல் மாத்திரையைக் கப்பல் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது.

இறங்குவதுதான் கஷ்டமான பகுதி. கப்பல் பவளப்பாறை விளிம்புக்கு வெளியே மிதந்தபடி நிற்கும். சிறு படகு பக்கத்தில் வந்து ஒட்டும். அலை ஏறும்போது படகு கப்பல் கதவு மட்டத்துக்கு வரும், அடுத்த நொடி கீழே போய்விடும். படகுக்காரர் கை நீட்டி 'இப்போது' என்று சொல்லும்போது கால் வையுங்கள், நீங்களாகக் கணக்குப் போட்டுக் குதிக்காதீர்கள். கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும். உருட்டும் பெட்டி இங்கே தொல்லை. ஒருவரே தூக்கக்கூடிய, தண்ணீர் புகாத பைகள் இரண்டாகக் கொண்டு வாருங்கள். பாஸ்போர்ட், மருந்து, பணம் மூன்றும் உடம்போடு இருக்கட்டும்.

பணம் என்றதும்: ஏடிஎம் கிடையாது. தங்கும் நாளுக்கு மேல் ஒரு கப்பல் சுற்று தாமதமானாலும் போதுமான அளவு ரொக்கம் வையுங்கள். கூட்டுறவுக் கடையில் அரிசி, டப்பா உணவு கிடைக்கும், ஆனால் கப்பல் தாமதமானால் அலமாரி காலி. மின்சாரம் 2012 முதல் பெரும்பாலும் சூரிய ஒளியில் ஓடுகிறது. நியூசிலாந்து வகை பிளக் வேண்டும். குடிக்கவும் குளிக்கவும் கூரையிலிருந்து தொட்டியில் இறங்கும் மழைத் தண்ணீர்தான். 2011 வறட்சியில் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள், எனவே குளியலை ஒரு வாளியோடு நிறுத்துங்கள்.

ஊருக்குள் தோளும் முழங்காலும் மறையும் உடை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு நாள். நீச்சல், மீன்பிடி, சத்தம் எதுவும் வேண்டாம். கூட்டாகப் பிடித்த மீன் கரைக்கு வந்தால் 'இனாத்தி' நடக்கும். மீனைக் கரையில் பரப்பி, குடும்பத்துக்கு எத்தனை தலை என்று எண்ணி, கைக்குழந்தையையும் கணக்கில் சேர்த்துப் பங்கு வைப்பார்கள். பிரிக்கும் இடத்தில் ஊடே நடக்காதீர்கள், விலை பேசி மீன் கேட்காதீர்கள். நீங்கள் தங்கும் வீட்டின் பங்கிலிருந்து உங்கள் தட்டுக்கு வரும்.

ஒவ்வொரு தீவிலும் சிறிய மருத்துவமனை உண்டு, அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் ஆப்பியாவுக்கு அதே கடல்வழிதான். இதய நோய் உள்ளவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், ஒரு நாள் கூடத் தள்ளிப்போட முடியாத சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தப் பயணத்தை விட்டுவிடுவதே நல்லது. மற்றவர்கள் தினசரி மருந்தை இரண்டு மடங்கு எடுத்து வரட்டும்.