மலைநாட்டு வீட்டில் ஓவிய அறை: ஈரத்துக்கு இடம் கொடுக்காமல் அடுக்குவது எப்படி

சுவரோடு சேர்த்துத் தட்டடித்து, போத்தல்களை நிறவாரியாக அடுக்கிவைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அந்த அழகு ஒரு மழைக்காலம் தாங்காது. தட்டின் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும், கடதாசியில் மண்ணிறப் புள்ளி விழும், பிரஷ் காம்பு வெடிக்கும். இங்கே எதை எங்கே வைப்பது என்பதை ஈரம்தான் தீர்மானிக்கிறது. நனைந்த சாமான் திறந்த இடத்தில் இருக்கட்டும், நன்றாகக் காய்ந்தது மூடிய பெட்டிக்குள் போகட்டும். இரண்டையும் ஒரே லாச்சிக்குள் போட்டால் காய்ந்ததும் கெடும்.

சுவரும் கூரையும்

சாமான் வாங்குவதற்கு முன் சுவரைச் சோதியுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, 2 நாள் விடுங்கள். பொலித்தீனுக்கு உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம் நீர் பூத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில் மண்ணை ஒட்டிய பின்சுவர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அந்தச் சுவரில் எதையும் சாய்க்கவோ மாட்டவோ வேண்டாம். வெளிப்பக்கம் மட்டும் நீர் பூத்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். பக்கத்து அடுப்பில் கொதிக்கும் தண்ணீரின் ஆவி குளிர்ந்த சுவரில் படிகிறது. சமைக்கும் நேரம் இடைக்கதவைச் சாத்தினாலே பாதி குறையும். விறகுப் புகையின் கரியும் படங்களில் படியாது.

எந்தச் சுவரானாலும் அலுமாரிக்கும் அதற்கும் நடுவே 3 அங்குலம் விடுங்கள், காற்று ஓடட்டும். கீழே 4 அங்குலம் உயர்த்தச் செங்கல் போதும். கட்டிய கன்வஸை வெளிச்சுவரில் சாய்த்துவைத்தால் முன்பக்கம் ஒன்றும் தெரியாது, பின்பக்கத் துணி பச்சையாகிவிடும். உள்சுவர்ப் பக்கம் இரண்டு ரீப்பர் கட்டைகளின் மேல் நிமிர்த்தி வையுங்கள். மழைக்காலத்தில் கன்வஸ் துணி தொய்வது வழக்கம்தான், உடனே சட்டத்தின் மூலை ஆப்புகளை அடித்து இறுக்காதீர்கள். காய்ந்த மாதத்தில் அது தானாக இறுகும்போது மூலை கிழியும்.

தகரக் கூரைக்குக் கீழே நேராக மேசை போட்டால் இன்னொரு தொல்லை. இரவுக் குளிரில் தகரத்தின் அடிப்பக்கம் வியர்க்கும், விடிகாலையில் சொட்டும். காயப்போட்ட நீர்வர்ணப் படத்தில் ஒரு சொட்டு விழுந்தால் வர்ணம் விளிம்புக்கு ஒதுங்கி, நடுவே வெளிறிய வட்டம் நிற்கும். அதை எதைக்கொண்டும் மறைக்க முடியாது. சீலிங் இல்லாவிட்டால் மேசைக்கு மேலே தடித்த பொலித்தீனை ஒரு பக்கம் சரிவாகக் கட்டுங்கள். சரிவின் கீழ்நுனி மேசையைத் தாண்டி இருக்கவேண்டும்.

மேசையும் வெளிச்சமும்

தேயிலைத் தோட்டத்து லயன் காம்பராவில் முழு அறை ஒதுக்க யாருக்கும் இடமில்லை. 6 அடிக்கு 4 அடி மூலை ஒன்று போதும். மேசை உயரம் 28 முதல் 30 அங்குலம். 24 அங்குல நீளப் பலகையின் பின்விளிம்பை 4 அங்குலம் உயர்த்தினால் ஏறக்குறைய 10 பாகை சாய்வு வரும். நீர்வர்ணம் வழியாமல் மெல்ல இறங்க அது சரியாக இருக்கும்.

வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்பது ஐரோப்பாவில் பிறந்த ஆலோசனை. அங்கே நண்பகல் சூரியன் வடக்கே வருவதேயில்லை. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையில். ஏப்ரல் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். என்றாலும் அது தலைக்கு மேலே நிற்பதால் 2 அடித் தாழ்வாரமே தடுத்துவிடும். ஆகவே தாழ்வாரம் இருந்தால் வடக்கு ஜன்னல் சரிதான். தெற்கு ஜன்னலில் டிசம்பர் பக்கம் சூரியன் கூடுதலாகச் சாய்வதால் கொஞ்சம் வெயில் வரலாம். கிழக்கு, மேற்கு ஜன்னல்களில்தான் வெயில் தாளின் மேலேயே வந்து விழும்.

பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் எந்த ஜன்னலும் உதவாது. பகல் வெளிச்ச நிறம் தரும் 5000 கெல்வின் எல்ஈடி பல்ப் வாங்குங்கள். பெட்டியில் நிறத்தெளிவு எண், அதாவது ‘சிஆர்ஐ’, 90 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் கலந்த பச்சை, காலையில் பார்த்தால் வேறு பச்சையாக நிற்கும்.

கடதாசி

பணம் அதிகம் போவதும், முதலில் கெடுவதும் கடதாசிதான். நீர்வர்ணத் தாளில் வர்ணம் மேலே நிற்பதற்காகப் பசை சேர்த்திருப்பார்கள். மாதக்கணக்கில் ஈரம் ஏறினால் அந்தப் பசை சத்திழந்துவிடும். தாள் பார்க்கப் புதிதாகவே இருக்கும். பிரஷை வைத்ததும் ஒற்றுத்தாள் மாதிரி உறிஞ்சி, அங்கங்கே கறுத்த புள்ளிகள் காட்டும். வர்ணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. சந்தேகமான தாளின் மூலையில் ஒரு சொட்டு சுத்தத் தண்ணீர் விடுங்கள். நல்ல தாளில் சொட்டு சிறிது நேரம் உருண்டையாக நிற்கும். கெட்ட தாளில் விழுந்த உடனே ஊறிப் பரவும். அப்படிப்பட்ட தாளை எறியத் தேவையில்லை, கரிக்கோலுக்கு வைத்துக்கொள்ளலாம், ஜெஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சைப் பூசி அக்ரிலிக்குக்கும் எடுக்கலாம்.

புதுத் தாளைப் பெட்டியில் போடும் நாள் முக்கியம். கடதாசி தானே ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள். மழை நாளில் வாங்கிவந்து அன்றே இறுக்கி மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும். சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறையில் தொங்கவிடுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் நாளில் தாள்களை வெயில் படாத இடத்தில் 3, 4 மணி நேரம் பரப்பிவைத்து, பிறகு பெட்டிக்குள் அடுக்குங்கள். 70 தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

அந்த உலர்ந்த நாள் எப்போது வரும் என்பது நீங்கள் இருக்கும் சரிவைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மொத்தமாக வாங்கி அடைத்துவிடுங்கள். பண்டாரவளை, பதுளைப் பக்கம் அதே ஜூன், ஜூலையில் காய்ந்த காற்று வீசும். மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை.

22க்கு 30 அங்குல முழுத்தாளைப் பாதியாக வெட்டினால் கட்டிலுக்கடியில் நுழையும் பிளாஸ்டிக் பெட்டியில் படுக்கவைக்கலாம். சுருட்டி நிறுத்தினால் விளிம்பு நெளியும். டிமை தாள், பிரிஸ்டல் போட் எல்லாம் தனிப் பெட்டியில். மலிவான தாளின் அமிலம் நல்ல தாளை மஞ்சளாக்கும். பெட்டிக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல், துணிப்பையில் கட்டி மூலையில். ஆரஞ்சு நிற வகையைக் கேட்டு வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நஞ்சு. நிறம் மாறியதும் பழைய சட்டி ஒன்றில் மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்பவும் பயன்படும். சமைக்கும் சட்டியை எடுக்காதீர்கள். சிலிக்கா ஜெல்லுக்குப் பதில் அரிசி போடுவார்கள். அது ஈரத்தை இழுப்பதை விட வண்டை இழுப்பதுதான் அதிகம்.

அலுமாரிக்குள் 15 வாட் குண்டு பல்ப் எரியவிடும் பழைய வழியும் பலிக்கும். இரவு பகலாக எரிந்தால் மாதம் ஏறக்குறைய 11 அலகு மின்சாரம். பல்பைச் சுற்றி ஓர் அடிக்குள் தாளோ துணியோ இருக்கக்கூடாது.

வர்ணங்கள்

நீர்வர்ணக் கட்டிகளில் கோந்து இருப்பதால் பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. வேலை முடிந்ததும் மூடியைச் சாத்தும் பழக்கம் இங்கே ஆகாது. ஈரலிப்பான வாரத்தில் 2 நாள் திறந்தே கிடக்கட்டும், தூசிக்கு மெல்லிய துணி போர்த்தினால் போதும். வெள்ளைப் பூச்சு தெரிந்தால் மேற்படலத்தைச் சுரண்டி எறிந்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுங்கள். போஸ்டர் கலர் போத்தலுக்குள் அழுக்குப் பிரஷை விட்டால் நாறிவிடும். தேவையானதைக் கரண்டியால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்ரிலிக்குக்குக் குளிர் ஆகாது. 10 பாகை செல்சியசுக்குக் கீழே அது ஒழுங்காகப் படலம் கட்டாது. காய்ந்ததுபோல இருந்து பிறகு வெடிக்கும், பொடியாக உதிரும். நுவரெலியாவில் ஜனவரி இரவுகள் அதற்கும் கீழே போகும். அந்த மாதங்களில் காலை 10 மணிக்குப் பிறகு தொடங்கி, மாலைக்குள் படம் காயும்படி வேலையை வைத்துக்கொள்ளுங்கள். டியூபின் மூடி இறுகிவிட்டால் குறடு போடாதீர்கள், கழுத்து கிழியும். மூடியை மட்டும் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் பிடியுங்கள்.

பிரஷ்

கழுவிய பிரஷைக் கோப்பையில் நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் உலோக வளையத்துக்குள் இறங்கிக் காம்பை ஊதவைக்கும். மேல்பூச்சு உரியும், பசை விட்டு மயிர் உதிரும். தட்டையாக, மயிர்ப் பக்கம் சற்றுத் தாழ வைத்துக் காயவிடுங்கள். கீழ்நாட்டில் ஓர் இரவு போதும், இங்கே இரண்டு நாள் கணக்கு வையுங்கள். முழுதும் காய்ந்த பிறகே பெட்டிக்குள். இயற்கை மயிர் பிரஷ் என்றால் அந்துருண்டை ஒன்றும் சேரட்டும்.

எண்ணெயும் கழிவும்

லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் விடும், குவியலுக்குள் அது வெளியேற வழியில்லை. வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள். மழையென்றால் தண்ணீர் ஊற்றிய பழைய பால்மா பேணியில் அமுக்கி மூடுங்கள்.

டர்பன்டைனை ஒரு நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததைத் திரும்பப் பாவிக்கலாம். கசடைப் பழைய பத்திரிகைத் தாளில் ஊற்றி, வெளியில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். வீட்டுக்கு முன்னால் ஓடும் கானில் ஊற்றவே வேண்டாம். அந்தக் கான் ஓடையில் விழுகிறது. கீழ் லயத்தில் அதே ஓடையில்தான் குடம் நிரப்புகிறார்கள்.